தங்க ரேக்கு: தங்கத்தைவிடப் பசைதான் முக்கியம்

பரப்பின்மேல் பசையிட்டு ஒட்டும் மெல்லிய தங்க இதழே தங்க ரேக்கு. கையால் அடித்த ரேக்கின் தடிமன் சுமார் 0.1 மைக்ரான். அணுக்கணக்கில் சில நூறு அடுக்குகள், அவ்வளவுதான். 80 மில்லிமீட்டர் சதுர இதழ் ஒன்று ஏறக்குறைய 12 மில்லிகிராம் எடை. ஒரு கிராம் தங்கம் அரைச் சதுர மீட்டரை மூடிவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பச்சையாகத் தெரியும். மஞ்சளையும் சிவப்பையும் தங்கம் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஊடுருவி வருவது பச்சையும் நீலமும்.

ஜப்பானின் கனசாவாவில் தங்கத்தை இடையில் வைத்து அடிப்பதற்கென்றே வைக்கோல் சாம்பல் நீர், துவர்ப்பான பெர்சிமன் காய்ச் சாறு, முட்டை ஊட்டிய தாளைத் தயாரிக்கிறார்கள். ஐரோப்பாவில் மரபாகப் பயன்பட்டது மாட்டுக் குடலின் மெல்லிய சவ்வு.

இத்தனை மெல்லியது எதையும் மறைக்காது. அடியில் கிடக்கும் ஒரு தூசி, ஓர் உப்புத்தாள் கீறல்கூடப் பளிச்சென்று மேலே தெரியும். மரமானால் துளையடைத்து, 400 எண் உப்புத்தாள் வரை தேய்த்து, உறிஞ்சாதபடி எனாமல் பூசிக்கொள்ள வேண்டும். காவி அல்லது மஞ்சள் எனாமல் நல்லது. ரேக்கு கிழிந்த இடம் கண்ணை உறுத்தாது.

அதன்மேல் ஆளிவிதை எண்ணெய்ப் பசை, மிக மெல்லியதாக. பள்ளத்தில் தேங்கினால் மேலே ஆடை கட்டி, உள்ளே ஈரம் நின்று, பின்னால் சுருங்கும். 3 மணி நேரத்தில் பதம் வருவதும் உண்டு, 12 மணி நேரம் பிடிப்பதும் உண்டு. எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை இழுத்தே இறுகுகிறது. குளிர் நாளில் தாமதமாகும். டப்பாவில் போட்ட நேரத்தை நம்ப வேண்டாம். மடக்கிய விரலின் முட்டியால் ஒரு மூலையைத் தொட்டு எடுங்கள்: பசை கையில் வரக்கூடாது, ஆனால் 'டிக்' என்று பிடித்து விட வேண்டும். அதற்கு முன் இட்டால் தங்கம் பசைக்குள் மூழ்கி மங்கிவிடும். பதம் தப்பினால் துடைக்கும்போதே உதிரும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, அணில்முடித் தட்டைத் தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை தடவி இதழை எடுங்கள். அந்தச் சிறு எண்ணெய்ப் பிசுக்கே போதும். விரலால் எடுக்கப் போனால் விரலோடு ஒட்டிப் பொடியாகும். ஓர் இதழ் அடுத்ததன்மேல் 3 மில்லிமீட்டர் ஏறட்டும். மென்தூரிகையால் தட்டியமர்த்தும்போது உதிரும் துணுக்குகளே இடைவெளிகளை அடைக்கும்.

23 காரட் ரேக்குக்கு வார்னிஷ் தேவையில்லை, பூசினால் ஒளி குன்றும். செம்பும் துத்தநாகமும் கலந்த போலி ரேக்குக்குப் பூசாமல் விட்டால் கறுத்துப்போகும்.