ஆர்க்கியாலஜிக்கல் பொட்டென்ஷியல்னா தொல்லியல் ஆற்றலா?

பழைய வீடுகள இடிச்சுட்டு அதே மனையில புதுசா குடியிருப்பு கட்டணும்னா, பல நாடுகள்ல அனுமதி தர்றதுக்கு முன்னாடி ஒரு தொல்லியல் ரிப்போர்ட் கேப்பாங்க, அதுல பக்கத்துக்குப் பக்கம் வர்ற சொல் இது. இத "தொல்லியல் ஆற்றல்", "தொல்லியல் திறன்"னு தமிழ்ல எழுதுறப்பல்லாம் எனக்கு மனசு ஒப்பல, ஏன்னா படிக்கிறவருக்கு விஷயம் போய்ச் சேராது.

ஆர்க்கியாலஜில இருக்குற கிரேக்கச் சொல் ஆர்க்கையோஸ், பழையதுன்னு அர்த்தம், நம்ம "தொல்" அதுக்கு அப்படியே பொருந்துது. சிக்கல் பொட்டென்ஷியல்லதான். வேர் லத்தீன் போஸ்ஸே, அதாவது இயலும், முடியும். இயற்பியல்ல நிலை ஆற்றல்னு வந்தது சரி, அங்க ஆற்றல்தான் பேச்சே. இங்க கேள்வி வேற: தோண்டிப் பாக்கறதுக்கு முன்னாடி, இந்த மண்ணுக்குள்ள பழைய எச்சம் இருக்க எவ்ளோ வாய்ப்பு? அதனால "தொல்லெச்ச வாய்ப்பு"ன்னு சொல்றதுதான் சரின்னு நான் நினைக்கிறேன்.

இந்தக் கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. ஒரு காலத்துல அங்க ஏதாவது இருந்துச்சா, இருந்தது இன்னும் மிஞ்சியிருக்கா. முதலாவதுக்கு பழைய மேப்புகள வருஷ வரிசையில அடுக்கிப் பாப்பாங்க, பக்கத்து மனைகள்ல முன்னாடி என்ன கிடைச்சுதுன்னு பாப்பாங்க. ரெண்டாவதுதான் ரொம்ப நுணுக்கம். வீட்டோட முன்பக்கம் தரைக்குக் கீழ பேஸ்மென்ட் அறை தோண்டியிருந்தா அங்க இருந்த மண் அடுக்கு மொத்தமும் போயிருக்கும், ஆனா பின்னாடி தோட்டத்த யாருமே ஆழமா தொட்டிருக்க மாட்டாங்க, ஆக ஒரே மனையில முன்னாடி வாய்ப்பு குறைவு, பின்னாடி அதிகம்னு வரும். என்ஜினியர் அஸ்திவாரத்துக்காகப் போட்ட போர்ஹோல் (கீழ என்ன மண் இருக்குன்னு பாக்கப் போடுற குறுகலான துளை) குறிப்பும் உதவும், மேல செங்கல் துண்டும் சாம்பலும் கலந்த நிரப்பு மண், அதுக்குக் கீழ கரித்துண்டோட கருப்பு களிமண்ணுன்னு ஒரு வரி இருந்தா போதும், தொல்லியல்காரங்க அங்கயே நின்னுடுவாங்க, ஏன்னா அந்தக் கரி பழைய காலத்துல அங்க ஆளுங்க இருந்ததுக்கு அடையாளமா இருக்கலாம்.

இதெல்லாம் ஏன் முன்கூட்டியே பாக்கணும்னா, 1989ல லண்டன்ல ஒரு ஆபீஸ் கட்டிடத்துக்கான இடத்துல 1587ல கட்டின ரோஸ் நாடக அரங்கோட அடித்தளம் வெளிய வந்துச்சு, பெரிய போராட்டமே நடந்து கட்டிடத்தோட டிசைனயே மாத்த வேண்டியதாச்சு. அடுத்த வருஷம், 1990ல, இங்கிலாந்துல அனுமதி பத்தி முடிவெடுக்கறதுக்கு முன்னாடியே தொல்லியல கணக்குல எடுக்கணும்னு அரசு வழிகாட்டுதல் வந்துச்சு.

ஒண்ணு கவனிங்க, "வாய்ப்பு குறைவு"ன்னா ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் இல்ல, சில சமயம் அந்தப் பக்கம் இதுவரை யாரும் தோண்டவே இல்லன்னுதான் அர்த்தம். அதே மாதிரி வாய்ப்பு வேற, முக்கியத்துவம் வேற. நூறு வருஷம் முன்னாடி இடிச்ச வீட்டோட அஸ்திவாரச் சுவர் கீழ கிடக்க வாய்ப்பு ரொம்ப அதிகம், முக்கியத்துவம் பெரும்பாலும் குறைவு.