ஒரு சுண்டு பாலைப்பழமும் ஒரு குளமும்

ஆனி, ஆடியில் இலங்கையின் வன்னிக்குள்ளால் ஏ9 றோட்டில் போகிறவர்களுக்குத் தெரிந்த காட்சிதான். புளியங்குளம் தாண்டி மாங்குளம் வரும்வரை அங்கங்கே சின்னப் பந்தல், அதன் கீழே ஒரு மேசை, மேசை நிறைய மஞ்சள் மஞ்சளாகப் பாலைப்பழம். அளப்பது சுண்டால். ஒரு கை அள்ளி வாயில் போட்டால் முதலில் இனிப்பு, கொஞ்ச நேரத்தில் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பழத்தில் இருக்கிற பாலின் வேலை அது.

போன முறை வாங்கும்போது, எப்படிப் பிடுங்கியது என்று விற்ற அம்மாவிடம் கேட்டேன்.

"படங்கு விரிச்சு உலுப்பினது தம்பி. கொப்பு வெட்டின பழமெண்டால் காயும் கலந்து கிடக்கும். கிண்டிப் பாருங்கோ."

கிண்டிப் பார்த்தேன். ஒரு பச்சைக் காய்கூட இல்லை. அந்த அம்மா சொன்னதில் நல்ல தாவரவியல் இருக்கிறது. பழம் கனியும்போது காம்பின் அடியில் மெல்லிய ஒரு படலம் உருவாகி, அங்கே உள்ள கலங்கள் ஒன்றையொன்று விடத் தொடங்கும். அதனால் கொப்பை உலுப்பினால் கனிந்தது மட்டும்தான் விழும். காய் பிடித்துக்கொண்டு நிற்கும், அடுத்த கிழமைக்கு. கொப்பையே வெட்டி இறக்குகிறவருக்கு அன்றைக்குச் சாக்கு நிறையும். ஆனால் பாலை அவசரமே தெரியாத மரம். தண்ணீரில் போட்டால் தாழ்கிற அளவுக்கு அடர்த்தியான வைரம் அதற்கு. அந்த உறுதிக்காகவே ஒரு காலத்தில் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகப் போட்டார்கள். அப்படிப்பட்ட மரம் இழந்த கொப்பைத் திரும்பப் போட்டுக் காய்க்க எத்தனை வருஷம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பழத்தை நம்பி இருப்பது நாங்கள் மட்டுமல்ல. கரடி மரத்தில் ஏறியே தின்னும். குரங்கு, இருவாச்சி, வௌவால் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. கொட்டையை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்ப் போடுவதும் அவைதான். ஒரு மரத்தை மொட்டையாகப் பிடுங்கிக்கொண்டு வந்தால் அந்த வருஷத்து விதையும் சேர்ந்து சந்தைக்கு வந்துவிடுகிறது.

சரி, இதற்கும் குளத்துக்கும் என்ன சம்பந்தம்?

காடு மழையைக் கொண்டுவரும், குளத்தை நிரப்பும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கணக்குப் பார்த்தால் அது அவ்வளவு நேரான கதை இல்லை. மரங்களும் தண்ணீர் குடிக்கின்றன. பாலையும் வீரையும் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற நாலைந்து மாத வறட்சியிலும் பச்சையாக நிற்பது, ஆழத்தில் ஓடிய வேரால் நிலத்தடி ஈரத்தை இழுத்துத்தான். அதனால் காடு இருக்கிற மேட்டிலிருந்து குளத்துக்கு ஓடிவரும் தண்ணீர், வெட்டையான மேட்டிலிருந்து வருவதைவிடக் குறைவாகவே இருக்கும். வேறுபாடு தண்ணீரின் நிறத்தில் இருக்கிறது. காட்டுக்குள்ளால் வருவது தேத்தண்ணி நிறம். வெட்டையால் வருவது செம்மண் குழம்பு.

பெரிய மழைத்துளி ஒன்று செக்கனுக்கு 9 மீற்றர் வேகம்வரை விழும். வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் கல், நனைந்தால் சேறு. வெறும் மண்ணில் துளி அடித்தால் துகள் சிதறி, மேல்பரப்பில் துவாரங்களை அடைத்து ஒரு மெழுகு போட்ட மாதிரி ஆகிவிடும். பிறகு தண்ணீர் கீழே இறங்காது. மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடும். மரத்தின் குடை இதைத் தடுக்கும் என்று நினைப்போம். உயரமான மரத்தின் இலையிலிருந்து சொட்டுகிற துளியோ நிலத்துக்கு வருவதற்குள் தன் வேகத்தின் பெரும்பகுதியைத் திரும்பப் பிடித்துவிடும். உண்மையில் அடியை வாங்குவது கீழே கிடக்கிற சருகும் பற்றைகளும். ஆவணியில் ஒரு பாலை மரத்தடியில் சருகை விலக்கி ஒரு பிடி மண் எடுத்தால் கையில் உதிரும். பத்தடி தள்ளி வெட்டையில் எடுக்க அலவாங்கு வேண்டும்.

ஆகவே காட்டில் குளத்துக்கு மிக முக்கியமானது யாரும் விலை பேசாத அந்தச் சருகுதான். அதற்குப் பெரிய எதிரி கோடரியைவிட நெருப்பு. பொந்துத் தேனுக்குப் புகை போட்டவர் அணைக்காமல் விட்டது, வேட்டைக்குப் போனவர் வைத்தது என்று சோளகத்தில் ஒரு பொறி போதும். மரம் கருகாமல் தப்பலாம். ஆனால் ஐப்பசியில் மாரி தொடங்கும்போது நிலத்துக்குப் போர்வை இருக்காது. அடித்துக்கொண்டு வருகிற மண் குளத்தில்தான் வந்து இருக்கும்.

வன்னிக் குளங்கள் ஆழம் குறைந்தவை, பரப்புக் கூடியவை. வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவில் ஆவியாகிறது என்று வைத்தால் 100 நாளில் அரை மீற்றர் போய்விடும். ஒன்றரை மீற்றர் ஆழம் உள்ள குளத்துக்கு அது மூன்றில் ஒன்று. வண்டல் நிரம்பிக் குளம் ஆழம் குறையக் குறைய, ஆவி கொண்டுபோகிற பங்கு கூடும். அலைகரையில், அதாவது தண்ணீர் வந்து முட்டுகிற குள விளிம்பில், நிற்கிற மருதும் நாவலும் காற்றை மறித்து இதையும் கொஞ்சம் குறைக்கும். குளக்கட்டையும் தண்ணீர் திறக்கிற மதகான துருசையும் திருத்தக் காசு ஒதுக்குகிற திட்டங்கள் அலைகரைக்கு மேலே உள்ள காட்டை எட்டிப் பார்ப்பது அபூர்வம் என்பது என் நெடுநாள் குறை.

அந்தக் காட்டை யார் பார்த்துக்கொள்வது? நேபாள மலைக் கிராமங்களில் 1993-ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் அந்தப் பொறுப்பையும் பலனையும் பயனாளர் குழுக்களிடம் கொடுத்தது. பொதுச்சொத்தை ஊரே விதி வைத்துக் காக்க முடியும் என்று காட்டியதற்காக எலினோர் ஒஸ்ட்ரம் 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். இலங்கையில் 2012-இல் அவுஸ்திரேலிய உதவியோடு ஒரு சமூக வனத் திட்டம் தொடங்கியது. ஆனால் வன்னிக் கமக்காரருக்கு இந்தப் பாடத்தை நேபாளத்திலிருந்து இறக்கத் தேவையில்லை. குளத்தில் தண்ணீர் குறைந்த வருஷம் சிறுபோகக் கூட்டத்தில் என்ன நடக்கிறது? எல்லாக் காணியும் விதைப்பதில்லை. விதைக்கக்கூடிய அளவை முடிவுசெய்து, அதை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போடுகிறார்கள். விதியை வைத்தவர்களே வாய்க்காலில் நின்று பார்ப்பதால், களவாகத் துருசு திறக்கிறவர் யாரென்று விடிவதற்குள் தெரிந்துவிடும்.

அதே பங்கைக் காட்டுக்கும் வைக்கலாம். இன்ன பக்கத்துப் பாலை இன்ன குடும்பங்களுக்கு, உலுப்பலாம், வெட்டக்கூடாது, தேன் எடுத்தால் அடையில் பாதியை விட்டுவர வேண்டும், எங்கே புகை தெரிந்தாலும் முதலில் ஓடவேண்டியது அவர்கள். பங்கு உள்ளவருக்குத்தான் நெருப்பு தன் வீட்டு நெருப்பு. இதற்கு முன்னால் ஒரு முடிச்சு அவிழ வேண்டும்: போரில் விட்டுப்போன வயலும் குடிமனையும் காடாகிவிட, திரும்பி வந்தவர்கள் தங்கள் காணிக்குள் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைக் கண்டார்கள். அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் காட்டைக் காப்போம் வாருங்கள் என்று கூப்பிட்டால் எப்படி வருவார்?

வருமானம் போதுமா என்பது அடுத்த கேள்வி. பாலைப்பழம் இரண்டு நாள் தாங்காது. அதனால்தான் றோட்டோரத்திலேயே விற்றுத் தீர்க்கிறார்கள். இதே மரத்தைக் குஜராத்தில் ராயண் என்பார்கள். பழத்தைக் காயவைத்து வருஷம் முழுக்க விற்கிறார்கள். எங்கள் ஆடி வெயிலுக்கு அது முடியாத காரியமா? இன்னொன்று, சப்போட்டாவை ஒட்டுவதற்கு இந்தியாவில் அடிமரமாக வளர்ப்பது பாலைக் கன்றைத்தான், இரண்டும் ஒரே பேரினம் என்பதால். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். மேசைக்குக் கீழே சாப்பிட்டுத் துப்பிய கொட்டைகள் பளபளவென்று கிடந்தன. காலால் ஒதுக்கிவிட்டு, "கண்டு வளர எத்தினை வருசம் எடுக்கும் தம்பி?" என்றார்.

ஒட்டுகிற அளவுக்கு வர ஒன்றரை, இரண்டு வருஷம் எடுக்கும் என்றேன். ஒரு சிரங்கை கொட்டையைப் பொறுக்கி ஒரு பேணிக்குள் போட்டார்.