அசெம்பிளியில் மயங்கி விழுந்தவள்

மொரீஷியஸில் ஜனவரியில் பள்ளி திறக்கும். அதையொட்டியே தைப்பூசக் காவடியும் வந்துவிடும். இந்தச் சமயத்தில், ரோஸ்ஹில்லில் உள்ள என் கிளினிக்குக்கு யூனிஃபார்மோடு ஒரு பெண்ணையாவது கூட்டிவருவார்கள். காலை ஜெபத்தில் நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாளாம்.

இந்த முறை வந்தவளுக்குப் பதினான்கு வயது. கிறிஸ்தவக் கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளியில் படிக்கிறாள். "பத்து நாள் விரதம் டாக்டரம்மா, அதான் தலை சுத்திடுச்சு" என்று பாட்டியே நோயைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். சரி, ஒரு மயக்கத்துக்கு அது போதும். ஆனால் போன வருடக் கடைசி ரிப்போர்ட்டை அம்மா எடுத்துக் காட்டினார். 'வகுப்பில் தூங்கி வழிகிறாள்' என்று கணக்கு டீச்சர் எழுதியிருந்தார். அப்போது ஏது விரதம்?

கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. மாதவிடாய் பற்றிக் கேட்டதும் பாட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எட்டு நாள் போகிறதாம். முதல் இரண்டு நாள் ஒவ்வொரு பாடவேளைக்கும் நாப்கின் மாற்ற வேண்டுமாம். வகுப்பின் நடுவே கை தூக்கக் கூச்சம். அதனால் அந்த நாட்களில் தண்ணீரே குடிப்பதில்லை. "எல்லாருக்கும் இப்படித்தானே?" என்று கேட்டாள். நானும் கன்னியர் பள்ளியில் படித்தவள்தான். சுற்றிலும் பெண்களே இருந்தும் இதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசியதில்லை.

ஹீமோகுளோபின் 8.6. இந்த வயதில் 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. அது குறைவதற்கு முன்பே உடலின் இரும்புச் சேமிப்பு கரைந்துவிடும். அசதியும் கவனக்குறைவும் அப்போதே தொடங்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. நம் இந்திய வம்சாவளியினரிடையே, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களும் உண்டு. அவர்களுக்கும் ரத்தம் குறைவாகத் தெரியலாம், இரும்புச்சத்து சரியாக இருந்தாலும். அதனால் பார்மசியில் டானிக் வாங்கிக் கொடுப்பதற்கு முன் பரிசோதனை செய்துவிடுங்கள்.

"படிப்புச் சுமைதான்" என்றார் பாட்டி. பெண்கள் பள்ளிகளை நடத்தும் லொரெட்டோ கன்னியர் இந்தத் தீவுக்கு வந்தது 1845இல். மேல்நிலைக் கல்வி இலவசமானதோ 1977இல்தான். அதற்குள் பாட்டிக்குக் கல்யாணமாகிவிட்டது. படித்தால் களைப்பு வரும் என்று அவர் நம்புவதில் வியப்பில்லை.

காலையில் ரொட்டி, வெண்ணெய், பால் டீ. அந்த டீ சாப்பாட்டிலுள்ள இரும்பை உடலில் சரியாகச் சேரவிடாது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொன்னேன். பாட்டி வீட்டுக் கொல்லையில் முருங்கை இருக்கிறது. கீரையில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடலாம், நல்லதுதான். ஆனால் 8.6ஐக் கீரையால் மட்டும் தூக்க முடியாது, மாத்திரை வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ரத்த அளவு சரியானதும் நிறுத்திவிடாமல் இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். விரதம் இருக்கட்டும், காலைச் சாப்பாட்டை விடாமல் பருப்பும் பயறும் சேர்த்துக்கொள்ளட்டும் என்றேன்.

கிளம்பும்போதுதான் பாட்டி ஜன்னலை விட்டுத் திரும்பினார். "எனக்கும் எட்டு நாள்தான் போகும். பல்லுப் பிடுங்குனப்ப ரெண்டு நாள் ரத்தம் நிக்கல."

கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்கினேன். ரத்தம் உறைவதில் குறை இருந்தால் அது குடும்பத்தில் வழிவழியாக வரலாம். அந்தப் பரிசோதனையையும் சேர்த்து எழுதினேன், பேத்திக்கும் அம்மாவுக்கும்.