ஸ்டேட்டின்: கரைப்பதா, நிறுத்துவதா?

மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவரின் மருந்துச் சீட்டில் ‘அட்டோர்வாஸ்டேட்டின், 0-0-1’ என்பது போன்ற ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். வீட்டில் அதற்குக் ‘கொழுப்பைக் கரைக்கிற மாத்திரை’ என்று பெயர் விழுந்துவிடும். அது பொருந்தாப் பெயர் என்பதை ‘ஸ்டேட்டின்’ என்னும் அம்மருந்தின் இனப்பெயரே சொல்கிறது.

‘ஸ்டாட்’ என்னும் கிரேக்க அடிக்கு நிற்றல், நிறுத்தல் என்று பொருள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட்டிலும் அதே அடிதான் உள்ளது. ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கியோத்தோ நகரத் தானியக் கடை அரிசியில் படர்ந்திருந்த ஒரு பூஞ்சையிலிருந்து 1973-இல் முதல் ஸ்டேட்டினைக் கண்டெடுத்தார். கல்லீரல் கொலஸ்ட்ராலை ஆக்கும் வழியில் மெவலோனேட் என்னும் இடைப்பொருளை உண்டாக்கும் நொதியை அது தடுத்ததால் மெவாஸ்டேட்டின் எனப்பட்டது. பின்வந்த சிம்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் யாவும் அந்த ‘வாஸ்டேட்டின்’ ஈற்றைக் குடும்பப் பெயராகச் சுமக்கின்றன. ஈற்றில் ‘ஸ்டேட்டின்’ வருவதெல்லாம் இந்த இனமன்று: வாய்ப்புண் பூஞ்சைக்குத் தரும் நிஸ்டேட்டின், நியூயார்க் ஸ்டேட் என்ற மாநிலப் பெயரால் அமைந்தது.

ஆகவே ஸ்டேட்டினின் முதல் வேலை கரைப்பதன்று, கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுப்பதே. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் தன் தேவைக்காக இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்களைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அளவு இறங்குவது அதனால்தான்.

‘கொழுப்பு’ என்ற சொல்லிலும் சிக்கல் உண்டு. கொலஸ்ட்ரால் முதலில் பித்தப்பைக் கல்லில் கண்டறியப்பட்டதால் பித்தம், திண்மம் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைக் கொண்டு பெயர் பெற்றது. அது ஆல்கஹால் வகை என்று பின்னர் தெளிந்தபோது ‘ஆல்’ ஈறு சேர்ந்தது. நெய்யிலும் எண்ணெயிலும் உள்ள கொழுப்பு வேறு, இது வேறு. சொல்லுக்குச் சொல் ‘பித்தத் திண்மம்’ என்று பெயர்த்தால், வாதம் பித்தம் கபம் என்று பேசிப் பழகிய நம் காதில் அது வேறெதையோ குறிக்கும். கொலஸ்ட்ராலுக்குச் சிலர் ஆளும் ‘கொழுமியம்’ என்ற சொல் கொழுப்பிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவதால் எனக்கு உடன்பாடே.

ஸ்டேட்டினுக்குக் ‘கொழுப்புக் குறைப்பு மருந்து’ என்பது இனப்பெயராகவே பொருந்தும். குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் என்ற மருந்தும் அதில் அடங்கும். துல்லியம் வேண்டுமிடத்தில் ‘கொழுமிய ஆக்கத் தடுப்பி’ எனலாம். மாத்திரை அட்டையில் அச்சாகியிருக்கும் ‘ஸ்டேட்டின்’ என்ற பெயரை நோயாளியிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை.

‘தடுப்பி’ என்பதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. இதயநோய், பிற இரத்தக்குழாய் நோய், நீரிழிவு ஆகியவற்றால் இடர் மிகுந்த 20,536 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 40 மி.கி. சிம்வாஸ்டேட்டின் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தது. தொடக்கத்திலேயே கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தவர்களுக்கும் பலன் கிட்டியது. ‘கரைக்கிற மாத்திரை’ என்று நம்புகிறவரோ, ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் எல்லாம் கரைந்துவிட்டதாக எண்ணி, மருத்துவரைக் கேளாமலே அட்டையை ஓரம் வைக்கிறார்; சில வாரங்களில் கல்லீரலின் உற்பத்தி பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது.