ரத்தம் படும்வரை காத்திருக்க வேண்டாம்

"மாதவிலக்கு நின்னு ஆறு வருஷம் ஆச்சு டாக்டரம்மா, இப்போ திரும்பப் படுது." கருப்பைவாய்ப் புற்றுநோயோடு வருகிறவர்கள் பலர் என்னிடம் பேச்சைத் தொடங்குவது இப்படித்தான். முக்கூடல், கடையம், ஆலங்குளம் பக்கமிருந்து பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வருவார்கள். கூட மகளோ மதினியோ இருப்பார். வெள்ளைபடுதலில் நாற்றம் என்பதைக்கூடச் சொல்லிவிடுவார்கள். கணவரோடு சேர்ந்தால் ரத்தம் படுகிறது என்பதை மட்டும், மதினியை வெளியே அனுப்பிவிட்டுத்தான் சொல்வார்கள். எவ்வளவு நாளாக என்று கேட்டால் "ஒரு ஆறு மாசமா" என்பார்கள். அது ரத்தம் படத் தொடங்கிய கணக்கு. நோய் உள்ளே வேலையைத் தொடங்கியது அதற்குப் பத்து, பதினைந்து வருஷம் முன்னால்.

தொடங்கி வைப்பது ஒரு வைரஸ். ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக ஹெச்.பி.வி. இதில் 200 வகைக்கு மேல் உண்டு. கையில் காலில் வரும் மரு இதன் சாதுவான வகைகளால் வருவது. புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியவை ஏறத்தாழ 14 வகைகள்தான். அதிலும் 16, 18 என்ற இரண்டு எண்கள் மட்டுமே கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இந்த இரண்டையும் 1983, 84-ல் புற்றுக்கட்டிகளுக்குள்ளேயே கண்டுபிடித்தவர் ஜெர்மானியரான ஹரால்ட் சுர் ஹவுசன். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ் உள்ளே நுழையும் விதம் சாமர்த்தியமானது. கருப்பைவாயைப் போர்த்தியிருக்கும் தோல் பல அடுக்கு செல்களால் ஆனது. அடி அடுக்கில் இருக்கும் செல்கள்தான் பிரிந்து பெருகும். அவை மேலே ஏற ஏற முதிர்ந்து, பிரிவதை நிறுத்தி, கடைசியில் உதிர்ந்துவிடும். உடலுறவின்போது ஏற்படும், கண்ணுக்கே தெரியாத சிராய்ப்பு போதும், வைரஸ் அடி அடுக்கைத் தொட்டுவிடும். கருப்பைவாயில் இரண்டு வகைச் செல்கள் சந்திக்கும் ஒரு வளையம் இருக்கிறது. அங்கே நுழைவது அதற்கு இன்னும் சுலபம். புற்றும் பெரும்பாலும் அந்த வளையத்தில்தான் பிடிக்கிறது.

நுழைந்த பிறகு அது செல்லைக் கொல்வதில்லை. ரத்தத்தில் பரவுவதில்லை. காய்ச்சல், வலி, வீக்கம் எதுவும் இல்லை. செல் மேலே ஏறும்போது கூடவே ஏறி, உதிரும் செல்லோடு வெளியேறி அடுத்தவருக்குப் போகும். நம் நோய் எதிர்ப்புச் சக்திக்கே தகவல் போகத் தாமதமாகும்.

ஆனால் வைரஸுக்கு ஒரு சிக்கல் உண்டு. தன்னைப் பிரதி எடுக்கும் கருவி அதனிடம் இல்லை, செல்லினுடையதைத்தான் பயன்படுத்த வேண்டும். மேல் அடுக்குச் செல்லோ பிரிவதை நிறுத்தி, அந்தக் கருவியை மூடி வைத்துவிட்டது. அதனால் செல்லை வற்புறுத்தித் திரும்பப் பிரிய வைக்கிறது. இதற்கு அதனிடம் இருப்பவை ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்கள். செல் கண்டபடி பிரியாமல் பிடித்து வைத்திருக்கும் ஆர்பி என்ற புரதத்தை ஈ7 செயலிழக்க வைக்கிறது. பி53 என்ற இன்னொரு புரதத்தை ஈ6 அழிக்கிறது. பி53-ஐ எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பீடிக்கடையை வைத்துத்தான் சொல்வேன். சுற்றித் தட்டில் கொண்டுபோன பீடிக்கட்டைப் புரட்டிப் பார்த்து மோசமானதைக் கழித்துப் போடுகிறாரே கடைக்காரர், அவருடைய வேலைதான் பி53-க்கும். மரபணுவில் கோளாறு உள்ள செல்லை அது நிறுத்தி வைக்கும், சரிப்படாவிட்டால் சாகடிக்கும். அவரே இல்லையென்றால் எல்லாக் கழிவும் உள்ளே போய்விடும் அல்லவா?

ஒரு விநோதம் என்னவென்றால், புற்றுநோயால் வைரஸுக்கு எந்த லாபமும் இல்லை. வருஷக்கணக்கில் தங்கிவிட்ட வைரஸின் டிஎன்ஏ சில சமயம் உடைந்து நம் டிஎன்ஏவுக்குள் சொருகிக்கொள்கிறது. உடையும்போது, ஈ6-ஐயும் ஈ7-ஐயும் அடக்கி வைத்திருந்த ஈ2 மரபணு பெரும்பாலும் சிதைந்துவிடுகிறது. அப்புறம் அவை இரண்டுக்கும் கடிவாளமே இல்லை. அந்தச் செல்லிலிருந்து புது வைரஸ் வெளியே வர முடியாது, ஆனால் செல் பிரிந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் 1951-ல் இந்த நோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுச் செல்கள் இன்றும் உலகமெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்குள் இருப்பது 18-ஆம் வகை.

இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். உடலுறவில் ஈடுபடும் பெரும்பாலானோருக்கு, ஆணோ பெண்ணோ, வாழ்நாளில் ஒரு தடவையாவது ஹெச்.பி.வி. தொற்றுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். தங்கிவிடுகிற மிச்சப் பேருக்குத்தான் ஆபத்து. புகைப்பழக்கமும் ஹெச்.ஐ.வி.யும் அந்த ஆபத்தைக் கூட்டும்.

"இது எனக்கு எப்படிம்மா வந்துச்சு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கும், அது எனக்குத் தெரியும். வாழ்க்கையில் ஒரே ஒருவரோடு மட்டும் இருந்தவருக்கும் இது வரும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. இருபது வருஷத்துக்கு முந்தைய தொற்றாகவும் இருக்கலாம். ஆகவே இந்த ரிப்போர்ட்டை வைத்து வீட்டில் யாரும் யாரையும் விசாரிக்கக் கூடாது. ஒரு மாமியார் என் அறையிலேயே மருமகளை விசாரிக்கத் தொடங்கினார். அன்று நான் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன்.

சரி, அந்தப் பத்து, பதினைந்து வருஷத்துக்குள் எப்படிப் பிடிப்பது? ஊர்ப்பக்கம் நாங்கள் அதிகம் செய்யும் சோதனை மிக எளிமையானது. சமையலுக்கு வாங்கும் வினிகர் அளவுக்கே நீர்த்த அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் தடவுவோம். ஒரு நிமிஷம் காத்திருப்போம். சாதாரண இடம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். கெடத் தொடங்கிய செல்களில் கரு பெரிதாக, புரதம் நெருக்கமாக இருப்பதால், அந்த இடம் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெளுத்துவிடும். விளிம்பு தெளிவாக, அந்த வளையத்தை ஒட்டி வெளுத்தால்தான் கணக்கு. வெளுத்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, அடுத்த சோதனைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

இந்தச் சோதனை உயிரைக் காக்குமா என்று நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே பார்த்திருக்கிறார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வு அது. முடிவு 2007-ல் வந்தது. சோதனை செய்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தச் சோதனையைப் பைசா வாங்காமல் செய்கிறார்கள்.

அப்படியும் வருவதில்லை. "நல்லாத்தானம்மா இருக்கேன், எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று வாழ்கிறவருக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண்கள் வேலை செய்யும் இடத்துக்கே, சாயங்காலத்தில், முகாம் போக வேண்டும் என்பது என் கட்சி.

மாதவிலக்கு நின்றவர்களுக்கு அந்த வளையம் உள்ளே ஏறிப் போயிருக்கும், வினிகர் சோதனையில் சரியாகத் தெரியாது. அவர்கள், வைரஸ் இருக்கிறதா என்றே பார்க்கும் ஹெச்.பி.வி. டிஎன்ஏ சோதனையைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளலாம்.

தடுப்பூசி பற்றி ஒரு சந்தேகம் அடிக்கடி வரும்: வைரஸையே பிள்ளைக்குப் போடுகிறீர்களா? இல்லை. வைரஸின் மேலோட்டை மட்டும் தனியாகத் தயாரிக்கிறார்கள், உள்ளே டிஎன்ஏ கிடையாது. தடுப்பூசியோடு வரும் அட்டவணைப்படி 9 முதல் 14 வயதுக்குள் இரண்டு தவணை, 15 வயது ஆகிவிட்டால் மூன்று. ஆனால் 9 முதல் 20 வயது வரை ஒரு தவணையே போதுமான பாதுகாப்புத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. வைரஸைச் சந்திக்கும் முன் போட்டால்தான் முழுப் பலன், ஏற்கெனவே உள்ள தொற்றை அது விரட்டாது. செர்வாவேக் என்ற இந்தியத் தயாரிப்பு வந்த பிறகு விலையும் இறங்கியிருக்கிறது. தடுப்பூசி போட்ட பெண்ணும் 30 வயதுக்குப் பிறகு சோதனைக்கு வர வேண்டும், ஏனென்றால் எல்லா வகையையும் அது தடுப்பதில்லை.

சோதனையில் இன்னும் புற்றாகாத முன்நிலைதான் என்று தெரிந்தால், பெரும்பாலும் கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. அந்த இடத்தை மட்டும் சூட்டால் கருக்கும் சிகிச்சைக்குச் சில நிமிஷங்கள் போதும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். பிறகு சில வாரம் தண்ணீர்போல் வடியும், அதற்குப் பயப்பட வேண்டாம். அந்தச் சில வாரமும் கணவரோடு சேர வேண்டாம், கனமான குடம் தூக்க வேண்டாம். காய்ச்சலோ அதிக ரத்தப்போக்கோ இருந்தால் உடனே வாருங்கள். ஒரு வருஷம் கழித்து மறுபடியும் வந்து காட்ட வேண்டும். நிறையப் பேர் தவறவிடுவது இந்த மறு வருகையைத்தான், அதனால் கைப்பேசி எண்ணோடு மகளின் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்கிறேன்.