வெறுங்கரியை வயலில் கொட்டாதீர்கள்

"கரி போட்ட பாத்தி மட்டும் வெளுத்துப் போச்சு சார்" என்று ஒரு விவசாயி படம் எடுத்து அனுப்பினார். பக்கத்துப் பாத்தியில் தக்காளி கரும்பச்சையாக நிற்க, இதில் அடியிலைகள் எல்லாம் மஞ்சள். உயிர்க்கரியை (பயோசார்) பொடித்து அப்படியே அடியுரமாகப் போட்டிருக்கிறார். மண்வள ஆலோசனைக்குப் போகும் இடங்களில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது.

உயிர்க்கரி உரமல்ல. காற்றை மட்டுப்படுத்தி 350 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும்போது மரத்திலிருந்த தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பங்கு போய்விடும். மிஞ்சுவது நுண்துளைகள் நிறைந்த கார்பன் கூடு. பட்டினியாகக் கிடக்கும் அதை மண்ணில் போட்டால், பயிருக்கு முன்னால் அதுவே பந்தியில் உட்கார்ந்துவிடும். அமேசான் பகுதியின் பழங்குடி மக்கள் ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே உருவாக்கிய 'டெர்ரா பிரெட்டா' கருமண்ணிலும் கரி தனியாக இல்லை. எலும்பும் சமையல் கழிவும் சேர்ந்தே இருந்தன.

கரிக்கு ஊட்ட நல்ல தீனி, சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளிவரும் ஸ்லரி, அதாவது செரித்த சாணக் கரைசல். அதில் தழைச்சத்தின் கணிசமான பகுதி அம்மோனியம் வடிவில் இருப்பதால் செடி உடனே எடுத்துக்கொள்ளும். திறந்து வைத்தால் அதே சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

முதலில் கரியைச் சோதியுங்கள். ஒரு துண்டை உள்ளங்கையில் தேய்த்துத் தண்ணீரில் கழுவினால் கறை போய்விட வேண்டும். சோப்புப் போட்டும் பிசுபிசுப்பு நின்றால் தார் முழுதாக வெளியேறவில்லை என்று பொருள். பெயின்ட் அடித்த மரம், பிளைவுட், பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரம் ஆகியவற்றில் செய்த கரி வயலுக்கு வேண்டவே வேண்டாம். நல்ல கரியை, தூசி பறக்காதபடி நனைத்த பிறகு, விரல்நகத்தின் பாதி அளவுக்கு உடைத்தால் போதும்.

வேலை மிச்சம் என்று ஒருமுறை சூட்டோடு சூடாக இருந்த கரியில் ஸ்லரியை ஊற்றினேன். கண் எரிந்து ஓடினேன். போனது அத்தனையும் தழைச்சத்து! சூடு மட்டும் காரணமில்லை. சாம்பல் கலந்த கரி காரத்தன்மை உடையது. கார அமில நிலை (pH) 7-இல் இருக்கும்போது அம்மோனியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அம்மோனியா ஆகாது, 9.25-ஐத் தொட்டால் பாதி ஆகிவிடும். அதனால் இப்போது தண்ணீர் ஊற்றி அணைத்து, சாம்பலைக் கழுவி, நன்றாக ஆறவிட்ட பிறகே கலக்கிறேன். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் இன்னும் கழுவ வேண்டும்.

கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டொரு சொட்டு விழும் பதம் வரை ஸ்லரி ஊற்றி, மட்கிய இலைதழையும் சேர்த்து, நிழலில் மூடி வையுங்கள். குறைந்தது 2 வாரம். ஒரு மாதம் என்றால் இன்னும் நல்லது. வாரம் ஒருமுறை கிளறுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: மிதமான சூட்டில் இயங்கும் கலன் நோய்க்கிருமிகளை முழுதாகக் கொல்வதில்லை. பச்சையாகத் தின்னும் காய், கீரைகள் மேல் இந்தக் கலவை படக்கூடாது; நடவுக்கு முன்பே மண்ணில் சேர்த்துவிடுங்கள். அடைத்த ஸ்லரித் தொட்டிக்குள் எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, ஆளை நின்ற இடத்திலேயே சாய்த்துவிடும்.

அந்தத் தக்காளிப் பாத்திக்கு, தண்ணீரில் கரைத்த ஸ்லரியை இலையில் படாமல் வேர் ஓரமாக ஊற்றச் சொன்னேன். புதுக் கொழுந்துகள் பச்சையாக வந்தன. மஞ்சளான அடியிலைகள் தேறவில்லை. பறித்து மட்குக் குழியில் போட்டுவிட்டார்.