காலை பத்து மணி என்று கடிகாரத்துக்கு யார் சொன்னது?

மார்ச், மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர். இந்த ஐந்து மாதங்கள் பிறந்தாலே என் கடிகாரப் பழுது மேசையில் வேலை கூடிவிடும். முந்தைய மாதத்துக்கு 31 நாள் கிடையாது; தேதி காட்டும் சாதாரணக் கைக்கடிகாரத்துக்கு அது தெரியாது. ஒன்றாம் தேதி காலையில் தப்பான எண்ணைப் பார்த்ததும் பக்கவாட்டில் இருக்கிற குமிழை இழுத்துத் திருகிவிடுகிறார்கள். அடுத்த சில நாட்களில் கடிகாரம் என்னிடம் வந்து சேர்கிறது.

போன வாரம் வந்ததைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்பா கட்டியிருந்த கடிகாரம். அவர் போனபிறகு பெட்டிக்குள் நின்றுபோய்க் கிடந்ததை மகன் எடுத்துச் சாவி கொடுத்து, தேதியைச் சரிசெய்து, ஆசையாகக் கட்டியிருக்கிறார். இரண்டாம் நாளிலிருந்து தேதி நகரவில்லை. பின்மூடியைத் திறந்து, இயக்கத்தை, அதாவது உள்ளே ஓடுகிற இயந்திரத்தை, வெளியே எடுத்து, முகப்பைக் கழற்றிப் பார்த்தால் தேதி தள்ளும் சக்கரத்தில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கிற பாகம் ஒடிந்து கிடக்கிறது. அந்த உதிரிபாகத்தை இப்போது யாரும் செய்வதில்லை.

“எத்தனை மணிக்குத் தேதி மாத்துனீங்க?” என்று கேட்டேன்.

“காலையில பத்து மணிக்குத்தான் சார். ராத்திரி மாத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்.”

இந்தப் பதிலை எத்தனை முறை கேட்டுவிட்டேன்! விதியே தெரியாதவர்களைவிட, அதைப் பாதி தெரிந்தவர்களின் கடிகாரங்கள்தான் அதிகம் உடைந்து வருகின்றன. இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை நான்கு வரை தேதியைத் திருகக் கூடாது என்பது பெரும்பாலான கடிகாரங்களுக்குப் பொருந்தும். ஆனால் அது யாருடைய இரவு? உங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தெரிகிற இரவு இல்லை. கடிகாரத்துக்குள் இருக்கிற இரவு.

முகப்பில் பன்னிரண்டு எண்தான் இருக்கிறது. மணி முள் ஒரு நாளில் இரண்டு சுற்று வருகிறது. தேதி தள்ளும் சக்கரமோ 24 மணி நேரத்துக்கு ஒரே சுற்று. அதனால் முள் பத்தைக் காட்டும்போது உள்ளே காலைப் பத்தாகவும் இருக்கலாம், இரவுப் பத்தாகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அந்த மகனின் கடிகாரம் என்றோ ஓர் இரவு பத்து மணிக்கு நின்றிருக்கிறது. காலையில் எடுத்தபோது முள்ளும் பத்தில் இருந்ததால், மணி சரி என்று நினைத்துத் தேதியை மட்டும் திருகியிருக்கிறார். அந்த நேரம் விரல், தேதி எண்கள் எழுதிய வளையத்தின் பல்லில் ஏறித் தள்ளத் தொடங்கியிருந்தது. வளையத்தில் 31 பற்கள். ஒரு பக்கம் விரல் பல்லைப் பிடித்திருக்க, மறுபக்கம் நம் கைவிசை அதே வளையத்தை இழுக்கிறது. எது மெலிந்ததோ அது ஒடியும்.

‘பன்னிரண்டு மணிக்குத்தானே எண் மாறுகிறது, பத்துக்கு என்ன ஆகிவிடும்?’ என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எண் நகர்வதற்கு வெகு நேரம் முன்பே விரல் பல்லைத் தொட்டுவிடும். நகர்ந்தபிறகும் உடனே விலகாது.

ஒடிந்த துண்டு பெரும்பாலும் தேதியை நிறுத்துவதோடு சரி. சில சமயம் அது சக்கரங்களுக்கு நடுவே போய் விழுந்து கடிகாரத்தையே நிறுத்திவிடும். அப்போது வேலையும் பெரிது, செலவும் பெரிது.

சரி, என்ன செய்வது? மணி முள்ளை ஆறுக்குக் கொண்டுபோங்கள். அது காலை ஆறா மாலை ஆறா என்று யோசிக்கவே வேண்டாம்; இரண்டும் ஆபத்து நேரத்துக்கு வெளியேதான். நான் என் கடிகாரத்துக்கே இப்படித்தான் செய்கிறேன்.

நின்றுபோன கடிகாரமாக இருந்தால் முதலில் சாவி கொடுங்கள், இருபது முப்பது சுற்று போதும். (கை அசைவிலேயே சாவி ஏறுகிற தானியங்கிகளில் சிலவற்றுக்குக் குமிழால் சாவி ஏறாது; அவற்றை மெதுவாக ஆட்டினால் ஓடத் தொடங்கும்.) குமிழை முழுவதும் இழுத்து, முள்ளை முன்னோக்கித் திருப்பி ஆறில் நிறுத்துங்கள். குமிழை ஒரு படி உள்ளே தள்ளி, தேதியை நேற்றைய எண்ணுக்கு வையுங்கள். கிழமையும் காட்டுகிற கடிகாரம் என்றால் அதையும் நேற்றைக்கே. மறுபடி முழுவதும் இழுத்து, இன்றைய தேதி விழும்வரை முன்னோக்கிச் சுற்றுங்கள். எண் விழுந்த இடம்தான் நள்ளிரவு. இப்போது பிற்பகல் என்றால் இன்னொரு முறை பன்னிரண்டைத் தாண்டிப் போய் மணியை வையுங்கள். இதை விட்டுவிட்டு, ‘மத்தியானம் பன்னிரண்டுக்குத் தேதி மாறுது, ரிப்பேர் பண்ணுங்க’ என்று வருகிறவர்களும் உண்டு. அது ரிப்பேரே இல்லை.

முள்ளைப் பின்னோக்கித் திருப்பி நள்ளிரவைத் தாண்டாதீர்கள். சில இயக்கங்கள் தாங்கும், சில தாங்காது. உங்களுடையது எந்த வகை என்று பரிசோதித்துப் பார்க்கிற விஷயமா இது? ரோலெக்ஸின் 3235 போல எந்த நேரத்திலும் தேதி மாற்றலாம் என்று வடிவமைத்த இயக்கங்களும் வந்திருக்கின்றன. உங்கள் கையேட்டில் அப்படி எழுதியிருந்தால் நல்லது. எழுதவில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிலவின் பிறை, மாதம் எல்லாம் காட்டுகிற கடிகாரம் என்றால் கையேட்டைப் படிக்காமல் குமிழையோ பக்கவாட்டுப் பொத்தான்களையோ தொடவே வேண்டாம். அவற்றுக்கு வேறு தடை நேரங்கள் உண்டு.

எண் நள்ளிரவில் மாறாமல் இரண்டு மணிக்கு மாறுகிறதா? முன்பு பழுது பார்த்தவர் முள்ளைத் தப்பான இடத்தில் பொருத்தியிருக்கலாம். ஆபத்து நேரமும் அதோடு சேர்ந்து தள்ளிப்போயிருக்கும். முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். தேதியைத் திருகும்போது குமிழ் இறுகினால், இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்போம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். அந்த இடத்திலேயே கையை எடுத்துவிடுங்கள். குமிழை உள்ளே தள்ளிவிட்டு அப்படியே கொண்டுவாருங்கள். அந்த நிலையில் வந்த கடிகாரங்களில் பெரும்பாலானவற்றை எதுவும் மாற்றாமலே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.